குப்பைமேனி கிருமியைக் கொல்லுமா? ஓசூர் முதல் அஞ்செட்டி வரை ஒரு மூலிகைப் பயணம்

பெங்களூரிலிருந்து வரும்போது அத்திப்பள்ளியைத் தாண்டியதும் கடை போர்டுகள் கன்னடத்திலிருந்து தமிழுக்கு மாறிவிடும். பேச்சு அப்படிச் சட்டென்று மாறாது. ஓசூரில் ஏதாவது ஒரு டீக்கடையில் பத்து நிமிடம் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் காதில் விழும். சிப்காட்டில் ஷிப்ட் முடியும் நேரமென்றால் இந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொள்ளும்.

இந்த ஊரில் செடிகளுக்கும் அப்படித்தான். கம்பெனி காம்பவுண்ட் சுவர் ஓரத்தில் யாரும் விதைக்காமல் முளைத்து நிற்கும் குப்பைமேனி, தெலுங்குக்காரருக்குக் குப்பிண்டாகு, கன்னடக்காரருக்குக் குப்பி கிட. நொச்சியை ஒருவர் வாவிலி என்பார், இன்னொருவர் லக்கி என்பார். ஆவாரம்பூ தெலுங்கில் தங்கேடு, கன்னடத்தில் ஆவரிகே. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். குழந்தைக்குச் சொறி சிரங்கு என்றால் குப்பைமேனியை மஞ்சளோடு அரைத்துப் பூசுவது, மூன்று மொழி வீடுகளுக்கும் தெரிந்த வைத்தியம்.

இந்த இலைகள் உண்மையிலேயே கிருமியைக் கொல்லுமா? சோதித்துப் பார்த்தவர்கள் ஏராளம். அவர்கள் என்ன கண்டார்கள், எதைக் காணவில்லை என்பதைப் பேச ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டி மலை வரை போகும் சாலை நல்ல துணை. அதற்கு முன் ஊருக்குப் பக்கத்திலேயே ஓர் இடத்தைப் பார்த்துவிட வேண்டும்.

நுரை பொங்கும் அணை

கெலவரப்பள்ளி அணையை நீங்கள் டிவியிலாவது பார்த்திருப்பீர்கள். மதகைத் திறந்தால் தண்ணீருக்கு மேல் வெள்ளை வெளேரென்று நுரை பொங்கி நிற்கும். நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வழியும் கழிவுநீரையும் வாங்கிக்கொண்டுதான் ஓசூருக்குள் வருகிறது. நுரை கண்ணுக்குத் தெரியும். பெருநகரக் கழிவுநீரில் கண்ணுக்குத் தெரியாமல் வருவது வேறு: மருந்துக்குச் சாகாத கிருமிகள்.

2010-ம் ஆண்டு 'லான்செட்' குழும மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. முதல் பெயர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வு மாணவராக இருந்த கார்த்திகேயன் குமாரசாமியுடையது. கடைசி ஆயுதமாக டாக்டர்கள் வைத்திருக்கும் கார்பாபெனம் வகை ஆன்டிபயாடிக்குகளையே செரித்துவிடும் என்.டி.எம்-1 என்ற நொதிக்கான மரபணு, சென்னையில் 44 மாதிரிகளிலும் ஹரியானாவில் 26 மாதிரிகளிலும் இங்கிலாந்தில் 37 மாதிரிகளிலும் இருந்ததை அது சொன்னது. மறு ஆண்டு இன்னொரு குழு டெல்லியில் தெருத் தண்ணீரையே எடுத்துப் பார்த்தது. தேங்கிய நீர் மாதிரிகள் 171-ல் 51-லும், குடிநீர் மாதிரிகள் 50-ல் 2-லும் அதே மரபணு. ஆஸ்பத்திரிக்குள் மட்டும் இருப்பதாக நினைத்தது தெருவுக்கு வந்துவிட்டது. சாக்கடையில் கிருமிகள் இந்த மரபணுவை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும். அக்கம்பக்கத்தில் தயிர் உறை வாங்குவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-ல் மட்டும் உலகத்தில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக இறந்ததாக ஒரு பெரிய கணக்கெடுப்பு சொல்கிறது. இதில் நம் பங்கும் உண்டு. சளிக்காய்ச்சலுக்கு, அது வைரஸால் வருவது என்று தெரியாமல், மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். முக்கியமான ஆன்டிபயாடிக்குகளை டாக்டர் சீட்டோடு மட்டும் விற்க வேண்டும், விற்றதைப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2014 மார்ச் முதல் விதி இருக்கிறது. மாத்திரை அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு பார்த்திருப்பீர்களே, அது அதற்கான எச்சரிக்கைதான்.

இருக்கிற மருந்துகள் தோற்கத் தொடங்கியதால்தான் பாட்டி வைத்தியத்து இலைகள் மேல் ஆய்வகங்களுக்கு இவ்வளவு ஆர்வம்.

தட்டில் விழும் வட்டம்

தமிழ்நாட்டில் மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி படிக்கிற பிள்ளைகளில் பலர் கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு எடுப்பது இதைத்தான். செலவு குறைவு, இரண்டு நாளில் முடிவு தெரியும். இலையை நிழலில் உலர்த்தி மிக்ஸியில் பொடித்து, மெத்தனாலிலோ எத்தனாலிலோ தண்ணீரிலோ ஊறவைத்து வடிகட்டி, திரவத்தை ஆவியாக்கினால் கரும்பச்சைப் பசை மிஞ்சும். அதுதான் சோதனைச் சரக்கு.

மூடி போட்ட வட்டத் தட்டில் கடல்பாசி சேர்த்த ஊட்டக்கூழை ஊற்றி உறையவிட வேண்டும். நோன்புக்குச் செய்வோமே, கடல்பாசி, அது மாதிரி இறுகும். அதன் மேல் கிருமியைப் பஞ்சால் சீராகத் தடவுவார்கள். கிருமியும் கண்ட இடத்தில் எடுத்தது கிடையாது. சண்டிகரில் உள்ள மத்திய அரசின் நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்தின் சேமிப்பிலிருந்து நம்பர் போட்டு வாங்குவார்கள். பிறகு 6 மில்லிமீட்டர் காகித வில்லைகளில் இலைச்சாற்றை ஊறவைத்து மேலே வைத்து, 37 டிகிரி சூட்டில் ஓர் இரவு விட்டுவிட வேண்டும். காலையில் தட்டு முழுக்கக் கிருமி வெண்படலமாகப் படர்ந்திருக்கும். இலைச்சாறு வேலை செய்திருந்தால் வில்லையைச் சுற்றி மட்டும் தெளிவான ஒரு வட்டம். அதை ஸ்கேலால் அளப்பார்கள். ஆஸ்பத்திரியில் சிறுநீரில் இருக்கும் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் 'கல்ச்சர்' டெஸ்டும் இதே முறைதான். 1966-ல் அமெரிக்காவில் ஒழுங்குபடுத்தப்பட்டது.

குப்பைமேனியை இப்படி வைத்துப் பார்த்தவர்கள் பலர். புண்ணில் சீழ் பிடிக்கவைக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிக்கு எதிராக வட்டம் விழத்தான் செய்கிறது. ஆவாரை, நொச்சி, வேம்பு, கடுக்காய் எல்லாவற்றுக்கும் அப்படி முடிவுகள் உண்டு. உடனே ஒரு வாட்ஸ்அப் செய்தி கிளம்பிவிடும்: 'ஆன்டிபயாடிக்கை மிஞ்சும் மூலிகை!'

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். தட்டில் பினாயில் வைத்தாலும் வட்டம் விழும். எலுமிச்சைச் சாறு வைத்தாலும் விழும். மெத்தனால் சரியாக ஆவியாகாமல் மிச்சமிருந்தால், கிருமியைக் கொன்றது இலையா, மெத்தனாலா? அதனால்தான் இலை இல்லாமல் வெறும் கரைப்பான் மட்டும் ஊறிய ஒரு வில்லையையும் அதே தட்டில் வைக்க வேண்டும். அதை வைக்காத சோதனையை நான் நம்பமாட்டேன்.

அடுத்தது அளவு. சிப்ரோஃபிளாக்சசின் வில்லையில் இருப்பது 5 மைக்ரோகிராம் மருந்து. பக்கத்து இலைச்சாற்று வில்லையில் பெரும்பாலும் மில்லிகிராம் கணக்கில் இருக்கும். ஒரு மில்லிகிராம் என்றால் 1,000 மைக்ரோகிராம். வட்டம் இரண்டும் ஒரே அளவு என்று சந்தோஷப்படுவது, ஒரு சிட்டிகை உப்பையும் ஒரு படி உப்பையும் இரண்டும் உப்புக் கரிக்கிறது என்று சமமாக்குவது போல. வட்டத்தின் அகலமும் ஏமாற்றும். சின்ன மூலக்கூறு கூழில் வேகமாக ஊறிப் பரவும், பெரியது நகராது. நல்ல சரக்காக இருந்தும் நகராததால் வட்டமே போடாத இலைகள் உண்டு.

கடுக்காய், மாதுளை ஓடு போன்ற துவர்ப்புச் சரக்குகள் தட்டில் அபாரமாக வேலை செய்யும். துவர்ப்புக்குக் காரணமான டானின், கண்ட புரதத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும் குணம் உள்ளது. தட்டில் கிருமியின் புரதம் சிக்குகிறது. ரத்தத்திலும் சீழிலும் நம் புரதமே கொட்டிக்கிடக்கிறதே, அங்கே டானின் கிருமி வரை போய்ச் சேருமா? வாய் கொப்பளிக்க நல்லதாக இருப்பது விழுங்கினால் அதே வேலையைச் செய்யும் என்று தட்டு சொல்லவில்லை.

இன்று ஆஸ்பத்திரியில் ஊசியாக ஏற்றும் ஆன்டிபயாடிக்குகளைப் பாருங்கள். பென்சிலின் பூஞ்சையிலிருந்து வந்தது, ஸ்ட்ரெப்டோமைசின் மண்ணில் வாழும் பாக்டீரியாவிலிருந்து வந்தது, சிப்ரோஃபிளாக்சசின் முழுக்க ஆய்வகத்தில் செய்தது. செடியிலிருந்து வந்தது ஒன்றுமில்லை. இத்தனை ஆயிரம் தட்டுகளுக்குப் பிறகும் ஏன்?

2000-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு குழு இதற்கு ஒரு பதில் கண்டுபிடித்தது. நம் மரமஞ்சளில் இருக்கும் பெர்பரின் என்ற மஞ்சள் பொருள், வேறொரு செடியினத்திலும் இருக்கிறது. தனியாகப் பிரித்தால் அது கிருமியை லேசாகத்தான் தொடுகிறது. காரணம், உள்ளே வந்த பெர்பரினைக் கிருமி தன் பம்ப்பால் இறைத்து வெளியே கொட்டிவிடுகிறது. ஆனால் அதே செடி, அந்த பம்ப்பை அடைக்கும் இன்னொரு பொருளையும் தயாரித்து வைத்திருக்கிறது! இரண்டும் சேர்ந்தால் கிருமி மாட்டிக்கொள்ளும். ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து, 'வீரியம் இல்லை' என்று தூக்கிப்போட்டவர்கள் கூட்டாளியைக் கழுவிவிட்டிருக்கிறார்கள். சித்த வைத்தியத்தில் ஒற்றை இலையை மட்டும் தருவதைவிடக் கூட்டுச் சரக்கு அதிகம். அந்தக் கூட்டு எல்லாமே அர்த்தமுள்ளது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. சேர்த்து வைத்தும் சோதிக்க வேண்டும் என்று சொல்லலாம்.

மத்திகிரியின் மாடுகள்

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை பஸ் பிடித்தால் சீக்கிரமே மத்திகிரி வந்துவிடும். 1824-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்துக்குக் குதிரை வளர்க்க ஆரம்பித்த பண்ணை, இன்று அரசு கால்நடைப் பண்ணை. 1,600 ஏக்கருக்கு மேல் புல்வெளி. ஒரு பக்கம் மோட்டார் கம்பெனிகள், இன்னொரு பக்கம் இது. சுற்றுக் கிராமங்களில் ராகிக்கும் ரோஜாவுக்கும் நடுவே வீட்டுக்கு இரண்டு கலப்பினப் பசு கட்டியிருப்பார்கள். தினமும் கையில் காசு புரளவைப்பது பால்தான்.

அந்தக் காசை நிறுத்தும் நோய் மடிநோய். கிருமி மடிக்குள் போய், காம்பு வீங்கி, பால் திரிந்து, சில நேரம் ரத்தமாக வரும். காம்புக்குள் ஆன்டிபயாடிக் மருந்து ஏற்றுவது வழக்கமான சிகிச்சை. மருந்து முடிந்தும் சில நாள் அந்தப் பாலை விற்கக் கூடாது. இரண்டு மாடு வைத்திருக்கும் அம்மாவுக்கு அந்தச் சில நாள் எவ்வளவு பெரிய நஷ்டம் என்று யோசியுங்கள். 2018-ல் நாடு முழுக்க எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 77-ல் ஆன்டிபயாடிக் மிச்சம் வரம்புக்கு மேல் இருந்ததாக உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. சதவிகிதம் சின்னதுதான். ஆனால் பால், குழந்தை குடிப்பது.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மூலிகை ஆராய்ச்சி மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி, கிராமத்து மாட்டு வைத்தியத்தை எடுத்து ஒழுங்குபடுத்தினார். மடிநோய்க்கு அவர் வழி: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் அரைத்தால் செக்கச்செவேலென்று வரும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அதே சங்கதி. மடியைக் கழுவி, முழுக்கக் கறந்துவிட்டு, அந்த விழுதைத் தண்ணீர்விட்டு இளக்கி ஒரு நாளைக்குப் பத்து முறை மடி முழுக்கப் பூசச் சொல்கிறார்கள், ஐந்து நாளுக்கு. தேசிய பால்வள வாரியம் இதை ஏற்று, பால் கூட்டுறவு சங்கங்கள் மூலம் நாடு முழுக்கப் பரப்பியது. பெங்களூரில் மூலிகை ஆய்வுக்கென்றே இருக்கும் டிரான்ஸ் டிசிப்ளினரி பல்கலைக்கழகமும் இந்த மாட்டு மூலிகை வேலையில் கைகோத்திருக்கிறது.

எனக்கு இதில் பிடித்தது, சோதனை தட்டோடு நிற்காமல் மாட்டுக்கு வந்ததுதான். விழுதில் எது வேலை செய்கிறது? மஞ்சளா, கற்றாழையா, சுண்ணாம்பின் காரமா? மஞ்சளின் குர்குமின் ஆய்வகத்தில் பெரிய ஏமாற்றுக்காரன் என்று 2017-ல் வேதியியலாளர்கள் விரிவாகவே எழுதினார்கள். பல சோதனைகளில் பொய்யாக 'வேலை செய்கிறது' என்று காட்டும், விழுங்கினால் ரத்தத்தில் மிகக் கொஞ்சமே சேரும். இங்கே யாரும் விழுங்கவில்லை, தோல்மேல் பூசுகிறார்கள். பத்து முறை கழுவிப் பூசுவதும் கறந்து காலி செய்வதும்கூட மருந்தின் பாதியாக இருக்கலாம். மாட்டுக்காரருக்கு அது முக்கியமில்லை, பால் திரும்பினால் போதும். விஞ்ஞானத்துக்கு முக்கியம். அதனால் சுண்ணாம்பு மட்டும் பூசிய மாடு, எதுவும் பூசாமல் கறந்து மட்டும் விட்ட மாடு என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டியிருக்கிறது. காய்ச்சலோடு படுத்துவிட்ட மாட்டுக்கு விழுது அரைத்துக்கொண்டிருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ஆடு தொடாத இலை

தேன்கனிக்கோட்டையில் பேட்டராய சுவாமி கோயிலைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால், கொஞ்ச தூரத்தில் காடு ஆரம்பித்துவிடும். 2014-ல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயம், 504 சதுர கிலோமீட்டர். அஞ்செட்டி இறக்கத்துக்குப் பஸ் வளைந்து வளைந்து போகும். வழியெல்லாம் மஞ்சள் பூத்த ஆவாரை. ஊர்களையொட்டிய வேலிகளில் ஆடாதொடை.

ஆடு தொடாத இலை என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். 1753-ல் லின்னேயஸ் இதற்கு வைத்த தாவரப் பெயரிலும் 'அடதோடா' ஒட்டிக்கொண்டது. இருமலுக்கு இதன் கஷாயம் நம் வீடுகளில் பழக்கம். இதில் இருக்கும் வாசிசின் என்ற பொருளை மாதிரியாக வைத்து ஆய்வகத்தில் செய்ததுதான் புரோம்ஹெக்சின். அதிலிருந்து ஆம்ப்ராக்சால் வந்தது. நீங்கள் வாங்கும் சளி டானிக் லேபிளில் இந்த இரண்டில் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். கவனியுங்கள், இது கிருமியைக் கொல்வதற்காக இல்லை, சளியை இளக்குவதற்காக. வட்டம் விழுகிறதா என்று மட்டும் பார்த்திருந்தால் ஆடாதொடையின் இந்தப் பெரிய குணம் கையைவிட்டுப் போயிருக்கும்.

எப்படித் தயாரித்தார்கள் என்பதும் முக்கியம். சீனாவில் து யூயூ, மலேரியாவுக்குப் பழைய மூலிகைகளைத் தேடியபோது ஒரு செடியின் சாறு சரியாக வேலை செய்யவில்லை. சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முந்தைய மருத்துவ நூலில், அந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. கொதிக்கவைக்கச் சொல்லவில்லை! சூடு மருந்தைக் கெடுக்கிறது என்று பிடித்துக்கொண்டு, குறைந்த சூட்டில் ஈதரில் எடுத்தார். 1971-ல் பலித்தது. அந்த ஆர்ட்டிமிசினின் மருந்துக்கு 2015-ல் நோபல் பரிசு. நம் ஊரில் 'சாறு பிழிந்து', 'கஷாயம் போட்டு', 'நெய்யில் காய்ச்சி' என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்கிறார்கள். ஆய்வகத்தில் எல்லாவற்றையும் மெத்தனாலில் போட்டுவிட்டு, பாட்டி சொன்னது நிரூபணமானது என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்? பாட்டி மெத்தனாலைப் பார்த்ததே இல்லை.

குப்பைமேனிக்குத் திரும்புவோம். தட்டில் வட்டம் போடுகிறது, சரி, குடிக்கலாமா? 1990-களில் இலங்கை மருத்துவர்கள் சில நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். குப்பைமேனியைச் சாப்பிட்ட பிறகு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் கறுத்து, ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு இப்படி ஆகும். அந்தக் குறை நம் நாட்டிலும் உண்டு, பலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. கிருமியின் செல்லைக் கொல்கிற பொருள் நம் செல்லை விட்டுவைக்குமா என்பது தனிச் சோதனை. அதைச் செய்யாமல் நிற்கும் புராஜெக்டுகளே அதிகம். குழந்தைக்குச் சாறு பிழிந்து கொடுப்பதற்கு முன் இதை நினைவில் வையுங்கள். ஆழமான புண், மண்பட்ட காயம், பிறந்த குழந்தையின் தொப்புள், இவற்றில் எந்த இலையையும் வைக்காதீர்கள்.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைகளில் இருளர் குடியிருப்புகள் இருக்கின்றன. காட்டில் எந்தச் செடி எங்கே, எந்த மாதம் என்று அவர்களிடம்தான் போய்க் கேட்கிறார்கள். கேட்டுக்கொண்டு வந்து கட்டுரை எழுதிப் பட்டம் வாங்குகிறவருக்குப் பலன் தெரிகிறது. சொன்னவருக்கு? அகத்தியமலையின் காணி மக்கள் 1987-ல் விஞ்ஞானிகளுக்குக் காட்டிய ஆரோக்கியப்பச்சையிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தபோது, திருவனந்தபுரத்துத் தாவரவியல் தோட்டம் தனக்குக் கிடைத்த உரிமத் தொகையில் பாதியைக் காணிகளுக்கு ஒதுக்கியது. அது அபூர்வம் என்பதால்தான் இன்னும் பேசுகிறோம். மஞ்சளால் புண் ஆற்றுவதற்கு அமெரிக்காவில் 1995-ல் கொடுத்த காப்புரிமையை, இந்தியாவின் சி.எஸ்.ஐ.ஆர். பழைய ஆதாரங்களைக் காட்டி 1997-ல் ரத்து செய்யவைத்ததும் நினைவிருக்கும். 2002-ன் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். எந்தச் செடி, யார் சொன்னார்கள் என்று அதில் இருந்தால்தான் நாளை பங்கு கேட்க முடியும்.

சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் ஓர் இலைகூடப் பறிக்கக் கூடாது. ஊர் வேலியில் பறிக்கலாம். புராஜெக்டுக்காகப் பறிக்கும் மாணவர்களுக்கு ஒன்று: இலை மட்டும் போதாது, பூவும் காயும் உள்ள கிளையாகப் பார்த்து, செய்தித்தாளுக்கு நடுவே அழுத்தி உலர்த்துங்கள். கோவையில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினட் ஹெர்பேரியம் இருக்கிறது. சரியான செடிதானா என்று அங்கே பார்த்துச் சொல்வார்கள். 'பிரம்மி' என்று கேட்டால் ஓர் ஊரில் நீர்ப்பிரம்மியும் இன்னோர் ஊரில் வல்லாரையும் கொடுக்கிற நாடு இது. கூடவே ஒரு சீட்டில் இடம், தேதி, பறித்தவர் பெயர், ஊரார் சொன்ன பெயர் எழுதிச் செருகுங்கள். ஓசூர்ப் பக்கம் என்றால் சீட்டு கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், மூன்று மொழிப் பெயர் எழுத இடம் வேண்டும்.

அஞ்செட்டியிலிருந்து காட்டு வழியாகவே ஒகேனக்கல் பக்கமும் இறங்கலாம். யானைகள் சாலையைக் கடக்கும் பாதை அது. பைக்கில் போகிறவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுவது நல்லது.